பூனைக்குட்டிக்கு பால், கருவாடு கொடுக்கலாமா? மரக்காணம் கடலோரத்தில் குட்டி வளர்ப்பவர்கள் தெரிஞ்சிக்க வேண்டியவை

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் கிழக்கு கடற்கரைச் சாலையை ஒட்டி உப்பளங்கள் வெள்ளையாக விரிந்து கிடக்கின்றன. தமிழ்நாட்டில் உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து நினைவுக்கு வரும் ஊர் இது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் மீனவர் குப்பங்கள். உப்பும் மீனும் இருக்கும் இடத்தில் கருவாடு இருக்கும். கருவாடு இருக்கும் இடத்தில் பூனையும் இருக்கும்.

படகு நிழல், வலைக் குவியல், கீற்றுக் கொட்டகை என்று பூனை குட்டி போட இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. கத்திக்கொண்டு வரும் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் மனசு கேட்காது. உடனே ஒரு கொட்டாங்கச்சியில் பசும்பால். கொஞ்சம் வளர்ந்துவிட்டால் ஒரு துண்டு கருவாடு. காலங்காலமாக கடலோர வீடுகளில் நடப்பது இதுதான்.

ஆனால் ஒரு மாதக் குட்டிக்கு ஆகாத பொருட்களின் பட்டியலில் இந்த இரண்டும் முன்வரிசையில் வருகின்றன. அரை கிலோகூட இல்லாத உடம்பு அது. இரண்டு நாள் விடாமல் வயிற்றுப்போக்கு போனாலே உயிருக்கு ஆபத்து. அப்படியானால் என்ன கொடுப்பது? எவ்வளவு கொடுப்பது? அதிகச் செலவில்லாமல் முடியுமா? பார்க்கலாம்.

பூனை ஏன் நாய் மாதிரி இல்லை?

வீட்டில் மிஞ்சிய சோறு, குழம்பைப் போட்டு நாயை ஓரளவு வளர்த்துவிடலாம். பூனையை முடியாது. பூனை கட்டாய ஊனுண்ணி. அதாவது, அதன் உடம்புக்குத் தேவையான சில சத்துகள் இறைச்சி, மீன் வழியாக மட்டுமே போதுமான அளவு கிடைக்கும்.

அதில் முக்கியமானது டாரின். மனித உடல் இதை ஓரளவு தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடல் தேவையான அளவுக்குத் தயாரிக்காது. 1975-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பால் புரதமான கேசினை அடிப்படையாகக் கொண்ட உணவு கொடுக்கப்பட்ட பூனைகளுக்கு டாரின் குறைந்து, கண்ணின் விழித்திரை சிதைந்தது. 1987-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். டாரின் குறைந்த பூனைகளின் இதயம் வீங்கி பலவீனமாகிறது. டாரின் கொடுத்தால் பெரும்பாலும் தேறுகிறது. அதன் பிறகுதான் பூனை உணவு கம்பெனிகள் டாரின் அளவை உயர்த்தின.

வைட்டமின் ஏ-விலும் இதே கதைதான். கேரட்டில் இருக்கும் சத்தை மனிதர்கள் வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறார்கள். பூனையால் முடியாது. மீன், ஈரல், முட்டை வழியாக நேரடியாகப் போக வேண்டும்.

பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பது கூடுதல் தகவல். இனிப்பை உணரும் மரபணு பூனைகளில் வேலை செய்வதில்லை என்று 2005-ல் கண்டறியப்பட்டது. பாலில் சர்க்கரை போட்டுக் கொடுப்பதில் அதற்கு எந்த சந்தோஷமும் இல்லை.

பால் கொடுத்தால் என்ன ஆகும்?

'பூனைன்னாலே பால்தானே' என்பதுதான் பலரின் முதல் கேள்வி.

தாய்ப் பூனையின் பாலும் பசும்பாலும் ஒன்றல்ல. பூனைப் பாலில் புரதம் பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பசும்பாலை மட்டும் குடிக்கும் குட்டிக்கு வயிறு நிறையும், உடம்பு வளராது. அதில் தண்ணீரும் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. இதைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் பிறந்த புதிதில் நன்றாகச் சுரக்கும். தாய்ப்பாலை மறக்க மறக்க அது குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி, தண்ணீரை இழுத்து, வயிற்றுப்போக்காக வெளியேறும். பெரிய பூனை ஒரு நாளில் தேறிவிடும். 400 கிராம் குட்டிக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

'எங்க வீட்டுப் பூனை பால் குடிச்சிதான் வளர்ந்தது' என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பூனை பாலோடு சேர்த்து எலி, பல்லி, மீன் என்று பிடித்துத் தின்றிருக்கும். வேட்டையாடத் தெரியாத குட்டிக்கு அந்த வழி இல்லை.

கருவாடு: கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும்

உப்புக் கருவாட்டில் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உப்பு இருப்பது சாதாரணம். 10 கிராம் துண்டு ஒன்றை 400 கிராம் குட்டிக்குக் கொடுத்தால், குறைந்தது 1 கிராம் உப்பு உள்ளே போகிறது. உடல் எடையை வைத்துக் கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே வேளையில் 150 கிராம் உப்பைத் தின்பதற்குச் சமம்.

அதிக உப்பு போனால் தாகம், வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரை போகலாம். பக்கத்தில் நல்ல தண்ணீர் இல்லை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கருவாட்டைக் கழுவினாலும் ஊறவைத்தாலும் உள்ளே இறங்கிய உப்பு முழுசாகப் போகாது. ஆக, குட்டிக்கு கருவாடு வேண்டவே வேண்டாம். காயப் போட்ட கருவாட்டுப் பக்கம் குட்டி போகாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

பச்சை மீன் கொடுக்கலாமா?

மீன் நல்ல உணவுதான், பச்சையாகக் கொடுப்பதில்தான் சிக்கல். நெத்திலி, மத்தி, கவலை வகையறாவைச் சேர்ந்த பல மீன்களில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. இது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். தினமும் இந்த மீனையே பச்சையாகத் தின்னும் பூனை முதலில் சாப்பாட்டை வெறுக்கும். பிறகு தலை கீழே தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும்.

இதற்குத் தீர்வு சுலபம்: வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். மீனில் இருக்கும் புழுக்களும் கிருமிகளும் சாகும்.

வேகவைத்த மீனாக இருந்தாலும் தினமும் மூன்று வேளையும் அதையே கொடுக்கக் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள மத்தி போன்ற மீனையே தொடர்ந்து தின்றால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும். தொட்டாலே கத்தும். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் மீன், மற்ற நாள் கோழி, முட்டை என்று மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பு.

கடற்கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வலையில் சிக்கி, வேண்டாம் என்று கரையில் வீசப்படும் பேத்தை மீன். வயிற்றை பலூன் மாதிரி ஊதிக்கொள்ளுமே, அதுதான். இதன் ஈரலிலும் சினையிலும் கொடிய விஷம் இருக்கிறது. வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. பூனைக்கு எட்டும் இடத்தில் வீசாமல் புதைத்துவிடுவது நல்லது.

மீன் குழம்புச் சோறு?

குழம்பில் வெங்காயம், பூண்டு இருக்கும். இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையை உண்டாக்கும். பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், பொடியாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். மிளகாய், புளி, உப்பு வேறு. அதனால் குழம்பு ஊற்றிய சோறு கூடாது.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மீனைக் கழுவி முடித்ததும், உப்பு, மசாலா தடவுவதற்கு முன்பே இரண்டு துண்டை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் குட்டியின் சாப்பாடு ரெடி.

முதலில் குட்டியின் வயசைக் கண்டுபிடியுங்கள்

என்ன கொடுப்பது என்பதை வயசுதான் முடிவு செய்யும்.

• கண் மூடியிருக்கிறது: பிறந்து 10 நாளுக்குள். எடை சுமார் 100 முதல் 200 கிராம்.
• கண் திறந்திருக்கிறது, தள்ளாடி நகர்கிறது, பல் இல்லை: 2 முதல் 3 வாரம்.
• முன்பற்கள் எட்டிப்பார்க்கின்றன, நிற்க முயற்சிக்கிறது: 3 முதல் 4 வாரம். எடை சுமார் 300 முதல் 400 கிராம்.
• ஓடுகிறது, விளையாடுகிறது, தட்டில் இருப்பதை நக்குகிறது: 5 வாரத்துக்கு மேல்.
• பால் பற்கள் முழுசாக இருக்கின்றன, எடை 700 முதல் 900 கிராம்: சுமார் 2 மாதம்.

தாய் பக்கத்தில் இருந்தால் தொடாதீர்கள்

தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. தாய் இரை தேடிப் போயிருக்கலாம். இடத்தை மாற்ற ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டும் இருக்கலாம். குட்டி கதகதப்பாக, அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தால் சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். வெயிலிலோ, வண்டி வரும் வழியிலோ, நாய் திரியும் இடத்திலோ கிடந்தால் மட்டும் பக்கத்திலேயே நிழலான இடத்துக்கு மாற்றலாம்.

4 வாரத்துக்குக் குறைவான குட்டியைக் காப்பாற்ற செலவு குறைந்த வழி, தாய்க்கு நல்ல சாப்பாடு போடுவதுதான். வேகவைத்த மீன், கோழி, முட்டை, நல்ல தண்ணீர் இவை தாய்க்குக் கிடைத்தால் பால் தானாக ஊறும். தாய்ப்பாலுக்கு ஈடான பால் எந்தக் கடையிலும் இல்லை.

தாய் இல்லவே இல்லை என்றால்?

முதல் வேலை பால் கொடுப்பது இல்லை. சூடு கொடுப்பது. 4 வாரம் வரை குட்டியால் தன் உடல் சூட்டைச் சரியாகத் தக்கவைக்க முடியாது. உடம்பு ஜில்லென்று இருக்கும்போது பால் புகட்டினால் செரிக்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி பக்கத்தில் வையுங்கள். உடம்பு சூடாகி, குட்டி அசையத் தொடங்கிய பிறகுதான் பால்.

எந்தப் பால்? 'கிட்டன் மில்க் ரீப்ளேசர்' என்ற பெயரில் பூனைக்குட்டிக்கான பால் பவுடர் விற்கிறது. மரக்காணத்தில் இருப்பவர்கள் புதுச்சேரி அல்லது சென்னையில் உள்ள செல்லப்பிராணி கடைகளில் கேட்கலாம். ஆன்லைனிலும் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை ஒரு நாள் சமாளிக்க என்ன கொடுப்பது என்பதை கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் தற்காலிகமாகக் கைகொடுக்கலாம். ஆனால் அதையே வாரக்கணக்கில் கொடுத்தால் குட்டி வளராது.

எப்படிக் கொடுப்பது?

• குட்டியை மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டக் கூடாது. தாயிடம் குடிக்கும் மாதிரி குப்புறக் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.
• ஊசி இல்லாத சிரிஞ்ச் அல்லது சின்ன நிப்பிள் பாட்டில். சொட்டுச் சொட்டாக. பீய்ச்சி அடிக்கக் கூடாது. மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்துங்கள்.
• ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு சுமார் 4 மில்லி போதும். 200 கிராம் குட்டிக்கு 8 மில்லி.
• முதல் வாரம் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, 2-வது வாரம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, 3 மற்றும் 4-வது வாரம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. ராத்திரியும் சேர்த்துத்தான்.
• குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவ வேண்டும். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் இது. சுமார் 3 வாரம் வரை இப்படிச் செய்தால்தான் குட்டி சிறுநீர், மலம் கழிக்கும்.

4 வாரத்துக்கு மேல்: தட்டில் சாப்பாடு

பல் வந்துவிட்டால் திட உணவைப் பழக்கலாம். முதலில் கூழ் மாதிரி. குட்டிக்கான பாக்கெட் உணவை வெந்நீரிலோ குட்டிப் பாலிலோ ஊறவைத்துப் பிசைந்து, தட்டையான தட்டில் வையுங்கள். விரலில் தொட்டு வாயருகே காட்டினால் நக்கப் பழகிவிடும். 8 வாரத்தில் பாலை முழுசாக நிறுத்தலாம்.

வீட்டிலேயே செய்வது என்றால் இவை ஏற்றவை:

• கோழி: தொடைக்கறி நல்லது. நெஞ்சுக்கறியைவிட அதில் டாரின் அதிகம். கோழி இதயம் கிடைத்தால் சேர்க்கலாம். எலும்பு கூடாது. வேகவைத்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும்.
• மீன்: உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி. சின்ன மீனாக இருந்தால் குக்கரில் நன்றாகக் குழைய விடலாம். முள்ளை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அப்படி வெந்த முள் கால்சியம் கொடுக்கும்.
• முட்டை: நன்றாக வேகவைத்து மசித்தது.
• ஈரல்: வாரத்துக்கு ஒருமுறை, சின்னத் துண்டு. தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போய் எலும்பைப் பாதிக்கும்.

வேகவைத்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள். டாரின் தண்ணீரில் கரைந்துவிடும். அந்தச் சாறோடு பிசைந்து கொடுப்பதுதான் சரி. சோறு சேர்ப்பதாக இருந்தால் குழைய வெந்ததாக, மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு? குட்டியின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெந்த கறி என்று தொடங்கலாம். 800 கிராம் குட்டிக்கு நாளைக்கு 80 கிராம், அதை நாலைந்து வேளையாகப் பிரித்து. மீன் நாட்களில் கொஞ்சம் கூடுதலாக. இன்னும் கேட்டால் கொடுங்கள். வளரும் குட்டிக்குக் கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய பூனையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி தேவை.

எலும்பில்லாத கறியை மட்டும் மாதக்கணக்கில் கொடுக்கும் வீடுகளில் இன்னொரு பிரச்னை வரும். கறியில் கால்சியம் மிகக் குறைவு. குட்டி நன்றாகத் தின்னும், ஆனால் எலும்பு மென்மையாகி நொண்டும், தாவும்போது கால் முறியும். அதனால்தான் வீட்டுச் சாப்பாட்டோடு பாதியாவது குட்டிக்கான பாக்கெட் உணவு சேர வேண்டும். முடியாதவர்கள் கால்சியம் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பாக்கெட் வாங்கும்போது 'கிட்டன்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய பூனைக்கானதும், நாய் உணவும் குட்டிக்குப் பொருந்தாது. பொருட்களில் டாரின் இருக்கிறதா, முதலில் இறைச்சி அல்லது மீன் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தண்ணீர்: உப்பளப் பகுதியில் கூடுதல் கவனம்

கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். உப்பு படியும் பாத்தியில் இது 250 கிராமைத் தாண்டும். உப்பளக் கொட்டகையில் வளரும் குட்டிக்கு அந்தத் தண்ணீர் எட்டாமல் இருக்க வேண்டும். வீட்டு ஆட்கள் குடிக்கும் தண்ணீரையே அகலமான கிண்ணத்தில், நிழலில் வையுங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம். காலையும் மாலையும் மாற்றினால் போதும். வெயில் காலத்தில் சாப்பாட்டிலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் கலக்கலாம்.

தடைக்காலத்தில் மீன் இல்லையே, என்ன செய்வது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வரத்து குறைந்து மீன் விலை ஏறும். கரையில் கழிவு மீனும் குறையும். பூனைகள் அதிகம் குட்டி போடும் வெயில் காலமும் இதுதான். மறுபக்கம், வடகிழக்கு பருவமழை மாதங்களில் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். வீட்டில் காசு புழங்காத நேரம் அது.

இந்த இரண்டு காலத்திலும் கைகொடுப்பது முட்டை. ஒரு முட்டையை வேகவைத்து மசித்தால் சின்னக் குட்டிக்கு இரண்டு, மூன்று வேளைக்கு வரும். கோழிக்கடையில் கழிவாகப் போகும் இதயம், கழுத்துக்கறி போன்றவற்றைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கி, எலும்பு நீக்கி வேகவைக்கலாம். கெட்டுப்போன மீனை 'பூனைக்குத்தானே' என்று போடுவது மட்டும் கூடாது. நமக்கு ஆகாதது குட்டிக்கும் ஆகாது.

சரியாகத்தான் வளர்கிறதா?

தராசுதான் பதில் சொல்லும். ஆரோக்கியமான குட்டி நாளைக்கு 10 முதல் 15 கிராம் ஏறும். மளிகைக் கடைத் தராசில் மூன்று நாளைக்கு ஒருமுறை எடை பார்த்து காலண்டரில் குறித்து வைத்தால்கூடப் போதும். எடை ஏறவில்லை, அல்லது குறைகிறது என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை.

வயிறு மட்டும் உப்பி, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். தாய்ப்பால் வழியாகவே புழு வந்துவிடும். எவ்வளவு நல்ல சாப்பாடு போட்டாலும் பாதியைப் புழு தின்றுவிடும். பிறந்த 2, 3 வாரத்திலேயே புழு மருந்து தொடங்கலாம். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும்.

இவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்:

• வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி நிற்காமல் போவது, மலத்தில் ரத்தம்
• சின்னக் குட்டி அடுத்தடுத்து இரண்டு வேளை சாப்பிடாமல் இருப்பது
• உடம்பு ஜில்லிட்டு, எழுப்பினாலும் அசையாமல் கிடப்பது
• ஈறு வெளுத்துப் போவது, மூச்சு வாங்குவது, வலிப்பு

அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகம் முதல் படி. பெரிய சிகிச்சை தேவை என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னை பக்கம் போகிறவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். கால் மாத்திரைகூட குட்டியைக் கொன்றுவிடும்.

குட்டி கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். ரேபிஸ் விஷயத்தில் 'சின்னக் குட்டிதானே' என்ற அலட்சியம் கூடாது.

சுருக்கமாக

4 வாரத்துக்குள் என்றால் தாய்ப்பால், இல்லையேல் குட்டிகளுக்கான பால் பவுடர். அதற்கு மேல் என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வெந்த கறி, மீன், முட்டை, கூடவே 'கிட்டன்' உணவு. எப்போதும் நல்ல தண்ணீர். பசும்பால், கருவாடு, பச்சை மீன், குழம்புச் சோறு நான்கும் வேண்டாம். இன்றைக்கே தொடங்க, குழம்பு கூட்டும் முன் எடுத்து வைக்கும் அந்த இரண்டு துண்டு மீன் போதும்.